நல வகுப்புக்கு வந்தவர்கள் யார்? இல்லினாய் பல்கலைக்கழகப் பணியாளர் நலத் திட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே திட்டம், ஒரே ஊழியர்கள், ஒரே காலம். கணக்கை ஒரு விதமாகப் போட்டால், திட்டத்தில் கலந்துகொண்டவர்களின் மருத்துவச் செலவு கலந்துகொள்ளாதவர்களுடையதைவிட மாதம் 132 டாலர் குறைவு. வேறு விதமாகப் போட்டால் அந்த மிச்சம் அப்படியே மறைந்து, 8 டாலர் கூடுதல் என்று நிற்கிறது. அந்த 8 டாலரும் தற்செயலான ஏற்ற இறக்கம்தான். இரண்டு கணக்கிலும் கூட்டல் கழித்தல் பிழை கிடையாது. யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் 2016-ல் தொடங்கிய 'ஐத்ரைவ்' என்ற, ஊழியர்களின் உடல்நலத்தை மேம்படுத்துவதற்கான நலத் திட்டத்தின் கதை இது. டேமன் ஜோன்ஸ், டேவிட் மோலிட்டர், ஜூலியன் ரீஃப் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இதை வடிவமைத்துக் கண்காணித்தார்கள். ஆய்வுக் கட்டுரை 2019-ல் ஆய்விதழில் வெளியானது. நலத் திட்டங்கள் எங்கும் நடக்கின்றன. நடக்கும்போதே பலித்ததா என்று நேர்மையாகப் பார்க்கும்படி அமைக்கப்பட்டவை மிகச் சில. அந்தச் சிலவற்றில் இது ஒன்று.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது

2010-ல் கேத்ரின் பெய்க்கர், டேவிட் கட்லர், ஜிருய் சாங் ஆகியோர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நலத் திட்டத்தில் 1 டாலர் போட்டால் மருத்துவச் செலவில் 3.27 டாலரும், விடுப்பால் ஏற்படும் இழப்பில் 2.73 டாலரும் மிச்சமாகும் என்றது அது. ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் சுமையைப் பெருமளவு நிறுவனமே தாங்கும் நாட்டில் இப்படி ஓர் எண் கிடைத்தால் என்ன நடக்கும்? நலத் திட்டம் விற்கும் நிறுவனங்களின் விளக்கப் படங்களில் எல்லாம் அது ஏறியது. அதே ஆண்டு வந்த அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டமும், நலத் திட்டத்தில் சேர்வோருக்குக் காப்பீட்டுத் தொகையில் 30 சதவீதம் வரை சலுகை தர வழிவிட்டது.

தொகுத்தவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சட்டியில் இருந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, விரும்பி வந்தவர்களையும் வராதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவை.

திட்டத்தில் என்னென்ன இருந்தன

ஐத்ரைவ் அரைகுறைத் திட்டம் அல்ல. சந்தையில் கிடைக்கும் விரிவான திட்டங்களின் உறுப்புகள் எல்லாம் அதில் இருந்தன. முதல் படி உடல் பரிசோதனை: உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் கொழுப்பும் சர்க்கரையும். அடுத்தது, இணையத்தில் நிரப்ப வேண்டிய உடல்நல அபாயக் கேள்விப் படிவம். இரண்டையும் முடித்தவர்கள் பருவத்துக்கு ஒன்றாக நல நடவடிக்கையைத் தேர்ந்தெடுக்கலாம். நாள்பட்ட நோய்களைச் சமாளிப்பது, எடை குறைப்பு, தாய்-சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி, பிற உடற்பயிற்சி, குடும்ப நிதி மேலாண்மை, வேலையிடத்தில் நல்ல பழக்கங்கள் ஆகியவற்றுக்கு நேரடி வகுப்புகள் இருந்தன. பெரும்பாலான வகுப்புகள் 6 முதல் 12 வாரம். வகுப்புக்கு வர முடியாதவர்களுக்கு இணையவழிப் பயிற்சி, புகை விட விரும்புவோருக்குத் தொலைபேசி உதவி. வேலை நேரத்திலேயே சம்பளத்தோடு போய்வர அனுமதியும் உண்டு. இந்தக் கடைசி வசதியைப் பல நிறுவனங்கள் தருவதில்லை. மதிய இடைவேளையில் வகுப்பை வைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று குறைப்படுவார்கள்.

குலுக்கல்

சேரத் தகுதியுள்ள ஊழியர்கள் 12,459 பேர். 2016 ஜூலையில் எல்லாருக்கும் ஒரு தொடக்கக் கேள்விப் படிவம் போனது. முடித்தால் 30 டாலர் பரிசு அட்டை. 4,834 பேர் முடித்தார்கள். அதன் பிறகுதான் குலுக்கல்: 3,300 பேருக்குத் திட்டத்தில் சேர அழைப்பு, 1,534 பேருக்கு அழைப்பு இல்லை. படிவம் நிரப்பும் அளவுக்கு ஆர்வமுள்ளவர்கள்தான் இரு பக்கமும் இருக்கிறார்கள். அழைப்பு யாருக்கு என்பதில் மேலாளருக்கோ மனிதவளத் துறைக்கோ ஊழியருக்கோ கை இல்லை.

அழைத்த 3,300 பேரையும் ஆறு குழுவாகப் பிரித்தார்கள். பரிசோதனையும் படிவமும் முடித்தால் சிலருக்குப் பரிசு எதுவும் இல்லை, சிலருக்கு 100 டாலர், சிலருக்கு 200. அதன் மேல் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு நடவடிக்கையை முடித்தால் பாதிப் பேருக்கு 25 டாலர், மீதிப் பேருக்கு 75. பணம் எவ்வளவு ஆளை இழுக்கிறது என்று பார்ப்பதே நோக்கம்.

இழுத்தது, ஒரு அளவு வரை. பரிசோதனைக் கட்டத்தைப் பரிசே இல்லாமல் முடித்தவர்கள் ஏறத்தாழ 47 சதவீதம். 100 டாலர் வைத்ததும் 59-க்கு ஏறியது. அதை இரட்டிப்பாக்கியபோது 63 மட்டும்தான். முதல் நூறு 12 சதவீதப் புள்ளி வாங்கித் தந்தது. இரண்டாவது நூறு 4 புள்ளி. பரிசுத் தொகையை முடிவு செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இதை. இரண்டாவது நூறு கூடுதலாக வந்த நாலு பேருக்கு மட்டும் போவதில்லை. எப்படியும் வந்திருக்கக்கூடிய 59 பேருக்கும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

எல்லாக் குழுவும் சேர்ந்து பார்த்தால் பரிசோதனைக் கட்டத்தை முடித்தவர்கள் 56 சதவீதம். இலையுதிர்காலப் பருவத்தில் ஒரு நடவடிக்கையையாவது முடித்தவர்கள் 27 சதவீதம், அடுத்த வசந்தகாலத்தில் 22. இந்தச் சரிவு எல்லா நலத் திட்டத்திலும் வருவதுதான். பரிசோதனை ஒருநாள் வேலை, வகுப்பு பல வார வேலை. ஆண்டறிக்கையில் மட்டும் 'பங்கேற்பு 56 சதவீதம்' என்று முதல் எண்ணைப் போட்டுக்கொள்வது வழக்கம்.

அளந்தது எதை

ஊழியரின் வாயால் கேட்டதை மட்டும் நம்பவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் செலவுப் பதிவுகள், பல்கலைக்கழகத்தின் விடுப்பு, சம்பளம், பணிவிலகல் ஏடுகள், வளாக உடற்பயிற்சிக் கூடத்தின் நுழைவு அட்டைப் பதிவுகள், ஊரில் நடக்கும் மாரத்தான் ஓட்டத்தின் பங்கேற்பாளர் பட்டியல் வரை எடுத்தார்கள். எதை எதை ஒப்பிடப் போகிறோம் என்பதை முடிவுகள் வருவதற்கு முன்பே எழுதிப் பதிந்து வைத்தார்கள். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் ஆய்வு எப்படி வழுக்கும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். ஐம்பது அளவீடு எடுத்தால் இரண்டு மூன்று தற்செயலாகவே நன்றாக வந்து நிற்கும். அந்த இரண்டையும் தலைப்பில் போட்டு மற்றதைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிடலாம்.

இரண்டு கணக்கு

முதலில் எல்லாரும் போடும் கணக்கு. அழைக்கப்பட்ட 3,300 பேருக்குள்ளேயே கலந்துகொண்டவர்களையும் கலந்துகொள்ளாதவர்களையும் ஒப்பிடுவது. மாத மருத்துவச் செலவு: கலந்துகொண்டவர்களுக்குச் சராசரி 525 டாலர், கலந்துகொள்ளாதவர்களுக்கு 657. ஆண்டில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போன நாட்கள்: 7.4, எதிரே 3.8.

அடுத்து, குலுக்கலின்படி. அழைக்கப்பட்ட எல்லாரும், வந்தாலும் வராவிட்டாலும், ஒரு பக்கம், அழைக்கப்படாதவர்கள் மறுபக்கம். மாதச் செலவு 576, எதிரே 568. கூடத்துக்குப் போன நாட்கள் 5.9, எதிரே 5.8.

அழைக்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேல்தானே வந்தார்கள், அதனால் பலன் நீர்த்துப் போயிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. நீர்த்துப் போனதைத் திருத்த, வித்தியாசத்தைப் பங்கேற்பு விகிதத்தால் வகுக்க வேண்டும். 8-ஐ 0.56-ஆல் வகுத்தால் சுமார் 14 டாலர், அதுவும் செலவு கூடும் பக்கத்தில். எந்தப் பெருக்கலிலும் அது 132 டாலர் மிச்சமாக மாறாது.

முதல் கணக்கை மட்டும் போட்டிருந்தால் அறிக்கை எப்படி வந்திருக்கும்? 132 டாலரைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆளுக்கு ஆண்டுக்கு 1,584. 3,300-ல் 56 சதவீதம் 1,848 பேர். பெருக்கினால் 29 லட்சம் டாலருக்குச் சற்று மேல். 'ஒரே ஆண்டில் 29 லட்சம் டாலர் மிச்சம்' என்ற வரி மேடையில் கைதட்டல் வாங்கியிருக்கும், அடுத்த ஆண்டு ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டிருக்கும். இந்த ஒரு வளாகத்தில் குலுக்கல் நடந்திருந்ததால்தான் அந்த வரி பொய் என்று தெரிகிறது.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் பதில் பதிவுகளிலேயே இருந்தது. திட்டம் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களைப் பார்த்தால், பின்னால் கலந்துகொண்டவர்களின் மருத்துவச் செலவு அப்போதே குறைவு, பழக்கவழக்கம் அப்போதே மேல். சம்பள ஏணியின் அடிக் கால்வாசியில் இருந்தவர்கள் குறைவாகச் சேர்ந்தார்கள். திட்டம் யாரையும் நலமாக்கவில்லை. நலமானவர்களை ஓரிடத்தில் கூட்டியது. அப்படியானால் காப்பீட்டுச் சலுகையாகக் கொடுக்கும் பரிசு, ஏற்கெனவே நன்றாக இருப்பவரின் கைக்குப் போய், இரண்டு வேலை பார்த்துக் களைத்துப் போனவரின் கையிலிருந்து மறைமுகமாக எடுக்கப்படுகிறது. நலத் திட்டத்தைப் பற்றிய பேச்சில் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை, வர வேண்டும்.

இதே ஆய்வாளர்கள், மருத்துவச் செலவும் விடுப்பும் குறைந்ததாகச் சொன்ன பழைய ஆய்வுகளின் மதிப்பீடுகளைத் தங்கள் முடிவோடு வைத்துப் பார்த்தார்கள். அவற்றில் 84 சதவீதம் இந்தத் தரவோடு ஒத்துப்போக முடியாதவை.

மாறியது இரண்டு. வாழ்நாளில் ஒருமுறையாவது உடல் பரிசோதனை செய்துகொண்டவர்களின் பங்கு கூடியது. 'நிர்வாகம் எங்கள் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் முக்கியத்துவம் தருகிறது' என்று நம்புகிறவர்கள் கூடினார்கள். 24 மாதத் தொடர் ஆய்வில், தனக்கென்று ஒரு வழக்கமான மருத்துவர் இருக்கிறார் என்று சொல்பவர்களும் கூடியிருந்தார்கள். இவை அற்பமானவை அல்ல. வேலை செய்யும் இடம் தன்னை மதிக்கிறது என்ற உணர்வுக்கு ஒரு விலை உண்டு. ஆனால் அந்த விலையைக் கொடுத்து வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். இதய நோயைத் தடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வாங்கக் கூடாது.

படித்தவர்கள் நிறைந்த வளாகத்தில்தான் இப்படியோ?

இல்லை. சாங்கும் பெய்க்கரும், அதாவது 2010-ல் 3.27 டாலர் கணக்கைத் தந்தவர்களில் இருவர், பிஜேஸ் ஹோல்சேல் கிளப் என்ற மொத்த விற்பனைக் கடைத் தொடரில் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். 160 கிளைகள், ஏறத்தாழ 33,000 ஊழியர்கள். குலுக்கலில் வந்த 20 கிளைகளில் உணவியல் வல்லுநர்கள் 18 மாதத்தில் எட்டுப் பாடங்கள் நடத்தினார்கள். 2019-ல் முடிவு வந்தது. 'தவறாமல் உடற்பயிற்சி செய்கிறேன்' என்றவர்கள் 8.3 புள்ளி அதிகம், 'எடையைக் கவனித்துக் குறைக்கிறேன்' என்றவர்கள் 13.6 புள்ளி அதிகம். ஆனால் கொழுப்பு, ரத்த அழுத்தம், உடல் நிறைக் குறியீடு, மருத்துவச் செலவு, விடுப்பு, வேலைத்திறன் எதிலும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. பாடம் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. எடைப் பொறிக்கு அது தெரியவில்லை. தம்முடைய பழைய முடிவையே கடுமையான சோதனைக்கு உட்படுத்தி, வந்ததை அப்படியே வெளியிட்டார்கள் என்பதற்காக அந்த இருவருக்கும் ஒரு வணக்கம் வைக்கலாம்.

மன நலப் பக்கமும் இதே நிலைதான். 2024-ல் வில்லியம் ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் பதில்களை ஆராய்ந்தார். தியானச் செயலி, மனவுறுதிப் பயிற்சி, தூக்கச் செயலி போன்றவற்றைப் பயன்படுத்தியவர்கள் பயன்படுத்தாதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. இது குலுக்கல் ஆய்வு அல்ல, ஒரே நேரத்தில் எடுத்த புகைப்படம் போன்றது. மனம் நொந்தவர்களே செயலியைத் தேடிப் போயிருக்கவும் கூடும். அந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டிய ஆய்வு.

ஏன் பலிக்கவில்லை

ஐத்ரைவின் உறுப்புகளை மறுபடி வரிசையாகப் பாருங்கள். பரிசோதனை, படிவம், வகுப்பு, பரிசு. எல்லாம் ஊழியரின் உடலையும் பழக்கத்தையும் பற்றியவை. அவர் செய்யும் வேலையைப் பற்றி ஒன்றுகூட இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதுதான்.

வேலையே நலத்தைக் கெடுக்கும் வழிகள் புதிய கண்டுபிடிப்பல்ல. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-லேயே எழுதினார்: வேலைப் பளு மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை, பளு அதிகம், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவு, இந்தச் சேர்க்கைதான் சாய்க்கிறது. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 2004-ல் வகுத்த தரநிலைகளில் ஆறு காரணிகள் இருக்கின்றன: பளு, கட்டுப்பாடு, ஆதரவு, உறவுகள், பொறுப்புத் தெளிவு, மாற்றத்தைக் கையாளும் விதம். நேரமும் சேரும். வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து கணக்கிட்டன. வாரம் 60 மணி உழைப்பவருக்கு எட்டு வாரத் தாய்-சி என்ன செய்துவிடும்?

வேலையைத் தொட்ட இரண்டு சோதனைகள்

அமெரிக்காவின் பெரிய நிறுவனம் ஒன்றின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் ஃபில்லிஸ் மோயென், எரின் கெல்லி குழுவினர் நடத்திய 'ஸ்டார்' சோதனை முதலாவது. 56 பணிக்குழுக்கள் குலுக்கலில் பிரிக்கப்பட்டன. மாற்றம் செய்யப்பட்ட குழுக்களில் ஊழியர்களும் மேலாளர்களும் சேர்ந்து உட்காரும் 8 மணி நேரக் கூட்டங்கள், மேலாளர்களுக்கு மட்டும் மேலும் 4 மணி. பேசியது உணவையோ மூச்சுப் பயிற்சியையோ அல்ல. எந்தச் சந்திப்பு யாருக்கும் பயன்படவில்லை, எந்த அறிக்கையை யாரும் படிப்பதில்லை, வேலையை எங்கிருந்து எப்போது செய்வது என்பதற்கு யார் அனுமதி தேவை, ஏன் தேவை. மேலாளர்கள் கையில் ஒரு சிறு கருவி. ஊழியரின் சொந்த வாழ்க்கைக்கும் வேலைக்கும் எவ்வளவு ஆதரவு தந்தோம் என்று இடையிடையே ஒலியெழுப்பி நினைவூட்டும், அவர்களே பதிந்துகொள்ள வேண்டும். வேலைக் களைப்பும் மன அழுத்தமும் குறைந்தன, வேலைத் திருப்தி கூடியது. அளவில் மிதமான மாற்றங்கள்தான், ஆனால் குலுக்கலின்படி ஒப்பிட்டபோதும் நின்ற மாற்றங்கள். அடுத்த மூன்றாண்டுகளில் தாமாக வேலையை விட்டவர்கள் இந்தக் குழுக்களில் 7.6 சதவீதம், மற்றவற்றில் 11.3.

பிறகு நிறுவனம் இன்னொன்றோடு இணைந்தது. புதிய நிர்வாகம் ஸ்டாரைக் கைவிட்டது. பலன் தெரிந்த பிறகும் ஒரு திட்டம் சாகலாம் என்பதற்கு இது போதுமான சான்று. மேலே ஒருவர் மாறினால் போதும்.

இரண்டாவது, 'கேப்' என்ற ஆடைக் கடைத் தொடரில் 2015 நவம்பர் முதல் 2016 ஆகஸ்ட் வரை நடந்தது. ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகியோரின் ஆய்வு. சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளின் 28 கடைகளில் குலுக்கலில் 19 கடைகளுக்கு மாற்றம் வந்தது. ஷிப்ட் தொடங்கும், முடியும் நேரங்கள் நாளுக்கு நாள் மாறாமல் இருப்பது. ஒருவருக்கு வழக்கமாக அதே நாள், அதே நேரம். ஷிப்டை மேலாளரைக் கேட்காமலே கைபேசிச் செயலியில் சக ஊழியரோடு மாற்றிக்கொள்வது. பகுதிநேர ஊழியர்களில் சிலருக்காவது வாரம் 20 மணி வேலை உறுதி. கூட்டம் அதிகமுள்ள வேளையில் கூடுதல் ஆள். இரண்டு வாரத்துக்கு முன்பே அட்டவணை, 'கூப்பிட்டால் வா' ஷிப்ட் ஒழிப்பு ஆகிய இரண்டும் எல்லாக் கடைகளுக்கும் பொது. விற்பனை 7 சதவீதம் கூடியது, உழைப்பு மணிக்கு விற்பனை 5 சதவீதம். ஊழியர்களின் தூக்கத் தரம் 6 முதல் 8 சதவீதம் மேம்பட்டது. தூக்கத்துக்கென்று யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

இதில் நாங்கள் மிகவும் மதிக்கும் கண்டுபிடிப்பு வேறு. ஷிப்ட் நேரம் கடைசி நிமிடத்தில் மாறுவதற்கு வாடிக்கையாளர் வருகை காரணம் என்றே மேலாளர்கள் சொல்லிவந்தார்கள். நெருங்கிப் பார்த்தால், பெரும் பகுதி தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது: சரக்கு வரும் நாள் மாற்றம், தள்ளுபடி விளம்பர மாற்றம், மேலதிகாரி கடை பார்க்க வருகை. கடை ஊழியரின் அழுத்தத்துக்கான மருந்து அவர் கையில் இல்லை, கடை மேலாளர் கையிலும் இல்லை, தலைமை அலுவலகத்தில் சரக்கு அனுப்பும் மேசையில் இருந்தது.

செய்ய நினைப்பவர்களுக்கு

கேள்விப் படிவத்தில் தொடங்க வேண்டாம், ஏடுகளில் தொடங்குங்கள். கடந்த பன்னிரண்டு மாத ஓவர்டைம் மணி, பிரிவு வாரியாக. எடுக்காமல் தேங்கிய விடுப்பு. அட்டவணை வெளியான பிறகு மாறிய ஷிப்டுகளின் எண்ணிக்கை. வேலை நேரத்துக்குப் பின் அனுப்பப்பட்ட மின்னஞ்சல்கள். சேர்ந்து 90 நாளுக்குள் விலகியவர்கள். இந்த ஐந்தும் ஏற்கெனவே எங்கோ பதிவாகியிருக்கும், யாரையும் தொந்தரவு செய்யாமல் எடுக்கலாம். ஐந்தில் குறைந்தது மூன்று ஒரே பிரிவில் மோசமாக இருந்தால் நோய் எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

அதன் பிறகு படிவம். மேலே சொன்ன ஆறு காரணிகளுக்கு பிரிட்டன் அமைப்பு தரும் 35 கேள்விப் படிவம் இருக்கிறது. புதிதாக இயற்ற வேண்டியதில்லை. சொந்தமாகக் கேள்வி சேர்ப்பதானால் எண்ணக்கூடியதாகக் கேளுங்கள். 'உங்களுக்கு மன அழுத்தம் இருக்கிறதா?' என்று கேட்டால், மேலாளர் பார்ப்பாரோ என்ற பயத்தோடுதான் பதில் வரும். 'சென்ற வாரம் எத்தனை நாள் இடைவேளை எடுக்காமல் வேலை செய்தீர்கள்?' என்று கேட்டால் ஒரு எண் வரும், அந்த எண்ணுக்குத் தீர்வும் யோசிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைந்த குழுவின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள். ஏழு பேர் உள்ள பிரிவில் 'ஒருவர் மிகவும் அதிருப்தி' என்று போட்டால் அது யார் என்று மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த முறை எல்லாரும் 'திருப்தி'யில் குறிப்பார்கள்.

மாற்ற வேண்டியது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது, மேலாளர்களும் தாங்க மாட்டார்கள். எங்கே முதலில் செய்வது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யலாம். எட்டுப் பிரிவு இருந்தால் நான்கில் இப்போது, மீதி நான்கில் நான்கு மாதம் கழித்து. எல்லாருக்கும் கிடைக்கப்போவதால் மனக்கசப்பு குறைவு, நடுவில் ஒப்பீட்டுக் குழுவும் கிடைத்துவிடுகிறது. முன்வரும் பிரிவுகளில் முதலில் செய்வோம் என்று இறங்கினால் ஐத்ரைவின் முதல் கணக்குக்கே திரும்பிவிடுவீர்கள். முன்வரும் பிரிவில் நல்ல மேலாளர் ஏற்கெனவே இருப்பார்.

சிறிய நிறுவனத்துக்கு ஒரு எச்சரிக்கை. 200 பேரை நூறு நூறாகப் பிரித்ததாக வைத்துக்கொள்வோம். ஆண்டு மருத்துவ விடுப்பு சராசரி 6 நாள், ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடும் (திட்ட விலக்கம்) அதே அளவு 6 நாள். இந்த நிலையில், சராசரி வித்தியாசம் சுமார் 2.4 நாள் இருந்தால்தான் அதை நம்பிக்கையோடு கண்டுபிடிக்க முடியும். அதாவது விடுப்பு 40 சதவீதம் குறைய வேண்டும். எந்தத் திட்டமும் அதைச் செய்யாது. எனவே 200 பேர் உள்ள இடத்தில் விடுப்பையும் மருத்துவச் செலவையும் வைத்து வெற்றி தோல்வி பேசுவது வீண். அட்டவணை மாற்றங்களின் எண்ணிக்கை, ஓவர்டைம் மணி போன்று திட்டம் நேரடியாகத் தொடும் அளவுகளைப் பாருங்கள். அவை எட்டு வாரத்தில் அசையும். அசையாவிட்டால் திட்டம் நடக்கவே இல்லை என்று பொருள்.

இன்னொரு வழுக்கல். ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தவர்களை மட்டும் தேர்ந்து ஆலோசனை தந்து, ஆறு மாதம் கழித்து அளந்தால் சராசரி குறைந்திருக்கும். ஆலோசனையே தராவிட்டாலும் குறைந்திருக்கும். உச்சத்தில் இருந்த நாளில் பிடித்த ஆட்கள் அடுத்த அளவில் சராசரியை நோக்கி இறங்குவது இயல்பு. ஒப்பீட்டுக் குழு இல்லாத 'முன்-பின்' படங்களில் பாதி இந்த வித்தைதான். பரிசோதனை முகாம் நடத்தினால், அளவு மீறியவர் அடுத்து எந்த மருத்துவரிடம் போவார், அதற்கு விடுப்பு உண்டா என்பதை முகாமுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் மிஞ்சுவது கவலை மட்டும்.

மேலாளர் தரப்பில் எதிர்ப்பு வரும், வர வேண்டிய எதிர்ப்பு அது. அட்டவணையை இரண்டு வாரம் முன்பே போடச் சொன்னால், சரக்கு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாத நிலையில் அவர் எப்படிப் போடுவார்? அவரை வகுப்புக்கு அனுப்புவதற்கு முன், அவருக்கு மேலே உள்ளவர் என்ன தேதியில் என்ன தகவல் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். கேப் கடைகளில் பிரச்சினையின் வேர் இருந்த இடம் அதுதான்.

வகுப்புகள் வேண்டாம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஊழியர்கள் கேட்டால் நடத்துங்கள், வேலை நேரத்தில் நடத்துங்கள், பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். மருத்துவச் செலவு மிச்சம் என்று சொல்லி விற்க வருபவரோடு ஒப்பந்தம் போடும் முன் ஒரு காரியம் செய்யலாம். வெற்றியை அளக்கும் பிரிவில் 'பங்கேற்றவர்கள்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'அழைக்கப்பட்டவர்கள்' என்று திருத்தி, அழைக்கப்படாத குழு எது, அதைக் குலுக்கலில் யார் பிரிப்பார்கள் என்று ஒரு பத்தி சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். கையெழுத்தோடு வருகிறதா, விலைக் குறைப்போடு வருகிறதா, திரும்பி வராமலே போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.